ட்ரிபிள் நெகட்டிவ் மார்பகப் புற்றுநோய்: கீமோவோடு இம்யூனோதெரபியும் சேர்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்பகத்தில் இருப்பது புற்றுநோய்தான் என்று தெரிந்ததும் வீட்டில் எழும் முதல் பேச்சு, "ஆபரேஷன் எப்போ?" என்பது. ட்ரிபிள் நெகட்டிவ் வகையில் அந்தப் பேச்சைச் சில நாள் தள்ளிவைப்பது நல்லது. இந்த வகைக்குக் கீமோதெரபியோடு இம்யூனோதெரபி மருந்தையும் (நம் உடம்பின் எதிர்ப்புச் செல்களையே புற்றுநோயைத் தாக்க விடும் மருந்து) சேர்த்துக் கொடுக்கும் முறை 2021 முதல் பல நாடுகளில் வழக்கத்துக்கு வந்துவிட்டது. இதில் நல்ல பலன் காட்டிய ஆய்வு, மருந்தை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு அறுவை செய்த ஆய்வு. அதனால் கீழே உள்ள பல பதில்கள் சுற்றிச்சுற்றி அந்த வரிசைக்கே வந்து நிற்கும். இது பொதுத் தகவல் மட்டும். யாருக்கு எந்த மருந்து என்பதை, ரிப்போர்ட்டைப் பார்த்து நோயாளியையும் பரிசோதித்த புற்றுநோய் மருத்துவர்தான் சொல்ல முடியும்.

ட்ரிபிள் நெகட்டிவ் என்றால் எந்த மூன்று?

பயாப்சியில் எடுத்த துணுக்கில் மூன்று விஷயங்களைத் தேடுவார்கள்: ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்ட்ரோன் ஏற்பி (ஏற்பி என்பது அந்த ஹார்மோன் செல்லில் வந்து ஒட்டும் இடம்), ஹெர்2 புரதம். மூன்றும் இல்லையென்றால் ட்ரிபிள் நெகட்டிவ். ஹார்மோன் ஏற்பி இருந்தால் டமாக்ஸிபென், லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள் உதவும். ஹெர்2 இருந்தால் ட்ராஸ்டுசுமாப் உதவும். இங்கே பிடித்துக்கொள்ள அப்படி ஒரு பிடி இல்லாததால், பல ஆண்டுகள் கீமோ ஒன்றே மருந்தாக இருந்தது.

ரிப்போர்ட்டில் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். ஹெர்2 எதிரே "2+" என்று இருந்தால் அது முடிவு இல்லை. ஃபிஷ் என்ற இன்னொரு சோதனை செய்தால்தான் நெகட்டிவா பாசிட்டிவா என்று தெரியும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி 1 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் நெகட்டிவ் என்று கணக்கு. 1 முதல் 10 சதவீதம் வரை இருப்பது ஒரு நடுவாந்தர நிலை. அப்படிப்பட்ட கட்டிகள் பல நேரம் ட்ரிபிள் நெகட்டிவ் போலவே நடந்துகொள்ளும். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று மருத்துவரிடமே கேளுங்கள்.

இது அரிதான வகைதானா?

மேலை நாடுகளில் மார்பகப் புற்றுநோய்களில் 10 முதல் 15 சதவீதம் இந்த வகை. இந்தியாவில் வெளியான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் கால் பங்குக்கும் மேல் வருகிறது. ஆகவே நம் ஊரில் இதை அரிது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இளம் வயதுப் பெண்களிடமும், பி.ஆர்.சி.ஏ.1 மரபணுவில் மாற்றம் உள்ளவர்களிடமும் அதிகம் காணப்படும்.

உண்மையிலேயே அரிதானவை இதற்குள்ளேயே இருக்கின்றன. மெட்டாபிளாஸ்டிக் வகை மொத்த மார்பகப் புற்றுநோயில் 1 சதவீதத்துக்கும் குறைவு. அதில் பெரும்பாலானவை ட்ரிபிள் நெகட்டிவ். வழக்கமான கீமோவுக்கு அவ்வளவாக மசியாத வகை அது. அமெரிக்காவில் பரவிய நிலையில் இருந்த 17 பேருக்கு இரண்டு இம்யூனோ மருந்துகளை (நிவோலுமாப், இபிலிமுமாப்) சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 3 பேருக்குக் கட்டி சுருங்கியது, அந்தப் பலன் இரண்டு ஆண்டுகளைத் தாண்டியும் நின்றது. எண்ணிக்கை சின்னது, அதை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் வேறு நல்ல வழி இல்லாத நோயில் 3 பேர் என்பது மருத்துவர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது.

இம்யூனோதெரபி என்பது எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் மருந்தா? நிலவேம்புக் கஷாயம் மாதிரியா?

இல்லை. கஷாயம், சத்து மாவு, வைட்டமின் மாத்திரை எதுவும் இந்தக் கணக்கில் வராது. "இம்யூனிட்டி" என்று அட்டையில் போட்டு விற்பவற்றுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

நம் இரத்தத்தில் உள்ள டி செல்கள் கெட்டுப்போன செல்லைக் கண்டால் கொல்லும். அவை வரம்பு மீறி நம் உடம்பையே தாக்கிவிடக் கூடாது என்பதற்காக அவற்றின் மேல் பிடி-1 என்ற ஏற்பி இருக்கிறது. எதிரில் உள்ள செல் பிடி-எல்1 என்ற புரதத்தைக் காட்டி அந்த ஏற்பியைத் தொட்டால், டி செல் அடங்கிவிடும். பல புற்றுச் செல்கள் இந்தப் புரதத்தை ஏராளமாகத் தங்கள் மேல் பூசிக்கொண்டு தப்பிக்கின்றன. பெம்ப்ரோலிசுமாப் (கடையில் கீட்ரூடா என்ற பெயர்) டி செல்லின் பிடி-1 ஏற்பியில் போய் ஒட்டி அதை மறைத்துவிடுகிறது. புற்றுச் செல் என்ன காட்டினாலும் டி செல்லுக்கு அந்தச் செய்தி போகாது.

பிடி-1ஐ 1992இல் கண்டறிந்தவர் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாசுக்கு ஹோன்ஜோ. இதே போன்ற இன்னொரு கட்டுப்பாட்டை ஆராய்ந்த அமெரிக்கர் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் அவருக்கும் 2018இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

கீமோ போட்டால் எதிர்ப்புச் சக்தி குறையும் என்கிறார்களே. அப்புறம் இரண்டையும் ஒன்றாகக் கொடுப்பது முரண் இல்லையா?

நல்ல கேள்வி. புற்றுநோய் மருத்துவர்களுக்கே ஆரம்பத்தில் இந்தச் சந்தேகம் இருந்தது. கீமோவால் வெள்ளை அணுக்கள் குறைவது உண்மை. ஆனால் அதிகம் அடிபடுவது நியூட்ரோபில் என்ற அணுக்கள். அவை முக்கியமாகப் பாக்டீரியாக்களை எதிர்ப்பவை. கட்டிக்குள் நடப்பது வேறு கதை. கீமோவில் புற்றுச் செல்கள் உடைந்து சாகும்போது அவற்றுக்குள் ஒளிந்திருந்த புரதங்கள் வெளியே சிதறுகின்றன. எதிர்ப்புச் செல்கள் அவற்றை எடுத்துப்போய் டி செல்களுக்கு அடையாளம் காட்டுகின்றன. இதுவரை கண்ணில் படாத எதிரி இப்போது தெரிகிறான். அந்த நேரத்தில் பிடி-1ம் மறைக்கப்பட்டிருந்தால் டி செல்கள் தடையில்லாமல் வேலை செய்யும்.

தனியாகக் கொடுத்துப் பார்க்காமல் இல்லை. ஏற்கெனவே கீமோ எடுத்து, நோய் பரவியிருந்த 170 பேருக்குப் பெம்ப்ரோலிசுமாபை மட்டும் கொடுத்தபோது கட்டி சுருங்கியது ஏறத்தாழ 5 சதவீதம் பேருக்குத்தான். அடுத்து, அதே நிலையில் உள்ள 622 பேரிடம் கீமோவோடு ஒப்பிட்டபோதும் தனி இம்யூனோ ஆயுளைக் கூட்டவில்லை. மார்பகக் கட்டி, தோல் புற்றுநோயான மெலனோமாவைப் போல எதிர்ப்புச் செல்களைத் தானாக வரவழைக்கும் கட்டி இல்லை. ட்ரிபிள் நெகட்டிவ் வகையில் மற்ற மார்பகக் கட்டிகளைவிட டி செல்கள் அதிகம் புகுந்திருக்கும், அவ்வளவுதான். கூட ஒரு துணை தேவைப்படுகிறது.

சேர்த்துக் கொடுத்தால் பலன் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

கீநோட்-522 என்ற ஆய்வை வைத்து. லண்டனின் பீட்டர் ஷ்மிட் தலைமையில் பல நாடுகளில் நடந்தது. 1,174 பேர் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் இரண்டாம் அல்லது மூன்றாம் நிலை ட்ரிபிள் நெகட்டிவ் நோய், வேறு உறுப்புக்குப் பரவாதது. மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கீமோவோடு பெம்ப்ரோலிசுமாப், மீதிப் பேருக்குக் கீமோவோடு வெறும் போலி ஊசி.

முதலில் பார்த்தது, அறுவையில் எடுத்த மார்பகத் திசுவிலும் அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களிலும் புற்றுச் செல் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்பது. எதுவும் மிஞ்சாவிட்டால் மருத்துவர்கள் "பி.சி.ஆர். வந்துவிட்டது" என்பார்கள். (கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த பி.சி.ஆர். வேறு, இது வேறு. ரிப்போர்ட்டைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள்.) முதல் 602 பேரின் முடிவு 2020இல் வந்தது: சேர்த்துக் கொடுத்தவர்களில் 64.8 சதவீதம் பேருக்கு எதுவும் மிஞ்சவில்லை, கீமோ மட்டும் பெற்றவர்களில் 51.2 சதவீதம்.

கட்டி கரைவது ஒன்று, ஆள் பிழைப்பது இன்னொன்று. அதற்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. 5 ஆண்டு முடிவில் நோய் திரும்பாமலும் முற்றாமலும் இருந்தவர்கள் சேர்த்துக் கொடுத்த பிரிவில் 81.2 சதவீதம், மற்றதில் 72.2 சதவீதம். 2024 செப்டம்பரில் பார்சிலோனாவில் நடந்த ஐரோப்பிய மாநாட்டில் உயிர்க் கணக்கு வெளியானது: 5 ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 86.6 சதவீதம், 81.7 சதவீதம். நூறு பேருக்குக் கொடுத்தால் ஐந்து பேர் கூடுதலாகப் பிழைக்கிறார்கள். மீதிப் பேரில் பெரும்பாலானோர் கீமோவிலேயே தப்பியிருப்பார்கள், சிலருக்கு எதைக் கொடுத்தும் நோய் திரும்பியிருக்கும். இந்த ஐந்தைச் சின்ன எண் என்று சொல்லிவிட முடியாது. அதே நேரம், "இந்த ஊசி போட்டால் நிச்சயம் குணம்" என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம்.

உடனே அனுமதி கிடைத்ததா?

இல்லை. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. கூட்டிய நிபுணர் குழு, இன்னும் தகவல் வரட்டும், அவசரப்பட வேண்டாம் என்று 10-0 கணக்கில் சொன்னது. குணமாகும் வாய்ப்புள்ள இளம் பெண்களுக்கு வாழ்நாள் முழுக்கத் தொடரும் பக்கவிளைவைக் கொடுக்கப்போகிறோம், கட்டி கரைந்தது மட்டும் அதற்குப் போதுமான நியாயமா என்பது அவர்களின் கவலை. நியாயமான கவலைதான். சில மாதங்களில் நோய் திரும்புவதும் குறைகிறது என்ற தகவல் வந்த பிறகு, 2021 ஜூலை 26 அன்று அனுமதி கிடைத்தது.

சிகிச்சை எப்படிப் போகும்? எவ்வளவு காலம்?

ஏறத்தாழ ஒரு வருஷம். முதல் 12 வாரம் பாக்லிடாக்சல், கார்போபிளாட்டின் என்ற இரண்டு கீமோ மருந்துகள். கூடவே மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெம்ப்ரோலிசுமாப் 200 மில்லிகிராம். அடுத்த 12 வாரம் டாக்சோரூபிசின் (அல்லது எபிரூபிசின்), சைக்ளோபாஸ்பமைடு. அப்போதும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதே இம்யூனோ. சிவப்பு நிறத்தில் ஏறும் டாக்சோரூபிசின் இதயத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் அதற்கு முன் எக்கோ எடுப்பார்கள். கை நரம்பு கெடாமல் இருக்க நெஞ்சில் போர்ட் அல்லது கையில் பிக் லைன் (இரண்டும் மருந்தைப் பெரிய இரத்தக் குழாய்க்குக் கொண்டுபோகும் குழாய்கள்) வைக்கச் சொல்லலாம். ஒத்துக்கொள்ளுங்கள், பின்னால் வசதியாக இருக்கும்.

பிறகு அறுவை. தேவைப்பட்டால் கதிர்வீச்சு. அறுவை முடிந்து இம்யூனோ மட்டும் இன்னும் 9 முறை. ஆக இம்யூனோ மொத்தம் 17 தடவை. ஊசி ஏறும் நேரம் அரை மணிதான். இரத்தப் பரிசோதனை, மருத்துவரைப் பார்ப்பது, படுக்கைக்குக் காத்திருப்பது எல்லாம் சேர்ந்து ஒரு நாளைத் தின்றுவிடும்.

அக்காவுக்கு ஏற்கெனவே அறுவை முடிந்துவிட்டது. இப்போது கீமோவோடு இம்யூனோ சேர்க்கலாமா?

இந்தப் பக்கத்திலேயே பதில் சொல்லக் கஷ்டமான கேள்வி இது. அறுவைக்குப் பிறகு கீமோவோடு அட்டெசோலிசுமாப் என்ற இன்னொரு இம்யூனோ மருந்தைச் சேர்த்து 2,000க்கும் அதிகமான ட்ரிபிள் நெகட்டிவ் நோயாளிகளிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பலன் இல்லை. 2023 டிசம்பரில் முடிவைச் சொன்னார்கள். ஒரு விளக்கம் இப்படி: கட்டி உடம்பில் இருக்கும்போது டி செல்கள் அதைப் பார்த்துப் பழகுகின்றன, அதோடு ஒட்டிய கணுக்களில் பயிற்சி பெறுகின்றன. கட்டியையும் கணுக்களையும் எடுத்துவிட்ட பிறகு அந்தப் பயிற்சிக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. இரண்டு ஆய்விலும் மருந்து வேறு வேறு என்பதால் வரிசை ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இன்றைய நிலையில், முதலில் அறுவை செய்தவர்களுக்கு இம்யூனோ வழக்கமான சிகிச்சை கிடையாது. அக்காவுக்குக் கீமோவை ஒழுங்காக முடிப்பதுதான் முக்கியம், பி.ஆர்.சி.ஏ. சோதனையையும் கேளுங்கள்.

இன்னும் அறுவை ஆகாதவர்கள் இதைப் படித்தால்: கட்டி 2 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, அக்குளில் நெறி கட்டியிருந்தாலோ, கத்தி வைப்பதற்கு முன் ஒரு மெடிக்கல் ஆன்காலஜிஸ்ட்டை (மருந்தால் புற்றுநோய்க்குச் சிகிச்சை தருபவர்) பார்த்துவிடுங்கள். "கட்டியை உள்ளே வைத்துக்கொண்டு ஆறு மாசம் இருப்பதா" என்று பெரியவர்கள் பதறுவார்கள். அந்த ஆறு மாதமும் கட்டி மேல் மருந்து வேலை செய்துகொண்டிருக்கும். சுருங்குகிறதா என்று கண்ணால் பார்த்துக்கொண்டே போகலாம், சுருங்காவிட்டால் வழியை மாற்றலாம். அறுவையும் பல நேரம் சின்னதாகிவிடும்.

பிடி-எல்1 சோதனை கட்டாயமா?

பரவாத நோய்க்கு வேண்டாம். கீநோட்-522இல் அந்தப் புரதம் இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் பலன் இருந்தது. பரவிய நோய்க்குக் கட்டாயம்.

நோய் நுரையீரலுக்கோ எலும்புக்கோ பரவிவிட்டது. அப்போதும் சேர்த்துக் கொடுப்பார்களா?

பிடி-எல்1 அளவு போதுமானதாக இருந்தால் கொடுப்பார்கள். சி.பி.எஸ். என்ற மதிப்பெண் 10 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 847 பேர் கலந்துகொண்ட கீநோட்-355 ஆய்வில், இந்த அளவுக்கு மேல் இருந்தவர்கள் கீமோ மட்டும் எடுத்தபோது நடு ஆயுள் 16.1 மாதம், பெம்ப்ரோலிசுமாப் சேர்த்தபோது 23 மாதம். நடு ஆயுள் என்றால் பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்தார்கள் என்று அர்த்தம். மதிப்பெண் 10க்குக் கீழே இருந்தவர்களுக்குத் தெளிவான பலன் தெரியவில்லை. அவர்களுக்கு இதற்காகக் கடன் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இங்கே கீமோவின் இடத்தையே வேறொன்று பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. சாசிடுசுமாப் கோவிடெக்கான் என்பது ஆன்டிபாடியோடு கீமோவை ஒட்டிச் செய்த மருந்து. கட்டியைத் தேடிப்போய் அங்கே கீமோவை இறக்கும். சி.பி.எஸ். 10க்கு மேல் உள்ளவர்களுக்கு இதைப் பெம்ப்ரோலிசுமாபோடு சேர்த்தபோது நோய் முற்றாமல் இருந்த காலம் 11.2 மாதம், வழக்கமான கீமோவோடு சேர்த்தபோது 7.8 மாதம். இது 2025இல் வந்த முடிவு.

அட்டெசோலிசுமாப் விலை குறைவாகக் கிடைத்தால் அதையே போட்டுக்கொள்ளலாமா?

அந்த மருந்தின் கதையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பரவிய ட்ரிபிள் நெகட்டிவ் நோய்க்கு முதலில் அனுமதி பெற்ற இம்யூனோ மருந்து அதுதான். 2019 மார்ச்சில், நாப்-பாக்லிடாக்சல் என்ற கீமோவோடு. அடுத்த ஆய்வில் சாதாரண பாக்லிடாக்சலோடு சேர்த்தார்கள், பலன் இல்லை. 2021 ஆகஸ்டில் தயாரிப்பு நிறுவனமே அமெரிக்காவில் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அறுவைக்கு முன் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வும் நோய் திரும்புவதைக் குறைத்ததாக உறுதியாகக் காட்டவில்லை. ஆகவே "எல்லா இம்யூனோவும் ஒன்றுதான்" என்று மெடிக்கல் கடையில் சொல்வதைக் கேட்டு மருந்தை மாற்ற வேண்டாம்.

பக்கவிளைவுகள் என்னென்ன?

கீமோவின் பக்கவிளைவுகள் எல்லாம் உண்டு: முடி உதிர்தல், வாந்தி, களைப்பு, பாக்லிடாக்சலால் விரல் நுனி மரத்துப்போவது, இரத்த அணுக்கள் குறைவது. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாரசிட்டமால் போட்டுக் காலைவரை பார்க்கலாம் என்று இருந்துவிடக் கூடாது.

இம்யூனோ தரும் தொல்லைகள் வேறு மாதிரி. டி செல்களின் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டோம் இல்லையா? அவை உடம்பில் எந்த உறுப்பையும் தாக்கலாம். கீநோட்-522இல் சேர்த்துக் கொடுத்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு இந்த வகைத் தொல்லை ஏதாவது ஒன்று வந்தது. அதிகம் வந்தது தைராய்டு சுரப்பு குறைவது, நூற்றுக்குச் சுமார் 15 பேருக்கு. அது பெரும்பாலும் நிரந்தரம், ஆனால் தினம் காலையில் ஒரு மாத்திரையோடு சமாளிக்கலாம். தோலில் தடிப்பும் அரிப்பும் சாதாரணம்.

நான் பயப்படுவது அட்ரினல் சுரப்பி விஷயத்தில். நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு அட்ரினல் பாதிக்கப்படும். சிலருக்கு அதை இயக்கும் பிட்யூட்டரியே வீங்கும். அடையாளம் என்னவென்று பார்த்தால் களைப்பு, பசியின்மை, தலைசுற்றல், குறைந்த இரத்த அழுத்தம். எல்லாமே "கீமோ போட்டா அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் சொல்லிவிடக்கூடியவை. ஆனால் அந்த நேரத்தில் ஸ்டீராய்டு கொடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. எழுந்து நடக்கவே முடியாத அளவு சோர்வு வந்தால் கார்ட்டிசால், சோடியம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மற்றவை: ஒரு நாளில் பல தடவை பேதி, வறட்டு இருமலோடு மூச்சு வாங்குவது, கண்ணிலும் தோலிலும் மஞ்சள், அடங்காத தாகத்தோடு அதிகச் சிறுநீர், நெஞ்சு வலி. கடைசி இரண்டும் அபூர்வம், வந்தால் அவசரம். பேதிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு அடக்குவது இங்கே தப்பு. குடல் அழற்சியாக இருந்தால் அதற்கு மருந்து ஸ்டீராய்டு.

இன்னொன்று. இவை சிகிச்சை முடிந்து பல மாதம் கழித்தும் வரலாம். அப்போது நீங்கள் பார்ப்பது ஊரில் உள்ள பொது மருத்துவராக இருக்கும். புற்றுநோயெல்லாம் பழைய கதை என்று நீங்களும் சொல்லாமல் விட்டுவிடுவீர்கள். பெம்ப்ரோலிசுமாப் போட்ட விவரத்தையும் கடைசித் தேதியையும் ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முடக்குவாதம் இருக்கிறது. போடலாமா?

முடக்குவாதம், லூபஸ், சோரியாசிஸ் போன்றவற்றுக்குக் கடந்த இரண்டு ஆண்டுகளில் தீவிர மருந்து எடுத்தவர்களைக் கீநோட்-522இல் சேர்க்கவில்லை. இம்யூனோ அந்த நோயைக் கிளறிவிடலாம். முடியவே முடியாது என்று இல்லை, ஆனால் வாதநோய் மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம். உறுப்பு மாற்று அறுவை செய்தவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். வெறும் தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் பொதுவாகத் தடை இல்லை.

அம்மாவுக்கு 72 வயது. தாங்குவார்களா?

வயதைவிட இதயம், சிறுநீரகம், நடமாட்டம் இவைதான் கணக்கு. இம்யூனோவைக் காட்டிலும் கூட வரும் நான்கு கீமோ மருந்துகளைத் தாங்குவதுதான் பெரியவர்களுக்குச் சிரமம். டாக்சோரூபிசினை விட்டுவிட்டு மற்றவற்றைக் கொடுக்கும் முறைகளை ஆராய்ந்து வருகிறார்கள்.

இன்னும் குழந்தை பெற்றுக்கொள்ளவில்லை. என்ன செய்வது?

முதல் கீமோவுக்கு முன்னால் சொல்லிவிடுங்கள். கருமுட்டையையோ கருவையோ உறைய வைத்துச் சேமிக்க இரண்டு மூன்று வாரம் போதும். கீமோ தொடங்கிய பிறகு அந்த வாய்ப்பு சுருங்கிவிடும். இம்யூனோ எடுக்கும் காலத்திலும் கடைசி ஊசிக்குப் பிறகு 4 மாதம் வரையிலும் கருத்தரிக்கக் கூடாது, தாய்ப்பாலும் கொடுக்கக் கூடாது. கல்யாணம் ஆகாத பெண் என்பதால் மருத்துவர் இந்தப் பேச்சை எடுக்காமல் போகலாம். கூடப் போகிறவர் கேட்டுவிடுங்கள்.

செலவு?

இதுதான் இந்தியாவில் பெரிய தடை. ஒரு தடவைக்கு 100 மில்லிகிராம் குப்பி இரண்டு. 17 தடவைக்கு 34 குப்பி. ஒரு தடவைக்கே லட்சங்களில் ஆகும். நிறுவனத்தின் உதவித் திட்டத்தில் சில குப்பிகள் இலவசமாகக் கிடைக்கலாம். முதல் ஊசிக்கு முன்பே மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும், நடுவில் கேட்டால் நடக்காமல் போகலாம். இங்கிலாந்தில் இந்தச் சிகிச்சையை அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். இலவசமாகவே கொடுக்கிறது. அமெரிக்காவில் இம்மருந்தின் முக்கியக் காப்புரிமை 2028இல் முடிகிறது. அதற்குப் பிறகு மற்ற நிறுவனங்களின் தயாரிப்பு வரும்போது விலை இறங்கும் என்று எதிர்பார்க்கலாம்.

அதுவரை குறைந்த அளவில் கொடுத்தால் என்ன என்று கேட்டவர்கள் இந்திய மருத்துவர்கள். டெல்லி எய்ம்ஸில் அறுவைக்கு முன் ஆறு வாரத்துக்கு ஒருமுறை வெறும் 50 மில்லிகிராம் வீதம் மூன்று தடவை கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தம் 150, வழக்கமான முறையில் அறுவைக்கு முன் மட்டும் 1,600. எதுவும் மிஞ்சாமல் கரைந்தவர்கள் சுமார் 54 சதவீதம், கீமோ மட்டும் பெற்றவர்களில் சுமார் 40 சதவீதம். 2025இல் வந்த இந்த முடிவு என்னை உற்சாகப்படுத்துகிறது. ஆனால் ஆய்வு சின்னது, ஆயுள் கணக்கு வரவில்லை. முழு அளவுக்கு வழியே இல்லாதவர்கள் மருத்துவரிடம் பேசிப் பார்க்கலாம். வசதி உள்ளவர்கள் இதைக் காட்டி அளவைக் குறைக்கச் சொல்ல வேண்டாம்.

இம்யூனோ வாங்க முடியாவிட்டால் எல்லாம் முடிந்ததா?

நிச்சயமாக இல்லை. மேலே சொன்ன எண்ணைத் திரும்பப் பாருங்கள்: கீமோ மட்டும் பெற்றவர்களிலும் நூற்றுக்குச் சுமார் 82 பேர் 5 ஆண்டு கழித்து உயிரோடு இருந்தார்கள். அந்தக் கீமோவில் கார்போபிளாட்டினும் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை 720 பெண்களிடம் நடத்திய ஆய்வில், வழக்கமான கீமோவோடு வாராவாரம் கார்போபிளாட்டின் சேர்த்ததில், 50 வயதுக்கு உட்பட்டவர்களிடம் 5 ஆண்டு உயிர்ப்பிழைப்பு சுமார் 66 சதவீதத்திலிருந்து 77 சதவீதத்துக்கு உயர்ந்தது. அது பழைய மருந்து, விலை மலிவு. இம்யூனோ பற்றி ஒரு கேள்வி கேட்கிறவர்கள் கார்போபிளாட்டின் பற்றி இரண்டு கேள்வி கேட்க வேண்டும்.

அறுவையில் எடுத்த திசுவில் இன்னும் புற்றுநோய் மிஞ்சியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. தோல்வியா?

நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதல் என்பது உண்மை. கீநோட்-522இல் இம்யூனோ சேர்த்துப் பெற்று எதுவும் மிஞ்சாதவர்களில் 92 சதவீதம் பேர் 5 ஆண்டு நோய் திரும்பாமல் இருந்தார்கள். மிஞ்சியவர்களில் சுமார் 63 சதவீதம். கீமோ மட்டும் பெற்று மிஞ்சியவர்களில் அது 52 சதவீதம்தான். ஆக, கட்டி முழுதாகக் கரையாதவர்களுக்கும் இம்யூனோ உதவியிருக்கிறது. அறுவைக்குப் பிறகு அதைத் தொடர்வதோடு, கேப்சிடபின் மாத்திரை சேர்க்கலாமா, பி.ஆர்.சி.ஏ. மாற்றம் இருந்தால் ஒலாபரிப் ஒரு வருஷம் எடுக்கலாமா என்று மருத்துவர் யோசிப்பார். இரண்டு மாத்திரைக்கும் தனித்தனியாக நல்ல ஆதாரம் உண்டு. இம்யூனோவோடு சேர்த்து எடுப்பதற்குப் பெரிய ஆய்வு இல்லை, மருத்துவர்கள் தங்கள் அனுபவத்தில் முடிவு செய்கிறார்கள்.

எதுவும் மிஞ்சவில்லை என்றால் மீதி 9 ஊசியை நிறுத்திவிடலாமா?

உலகம் முழுக்கக் கேட்கப்படும் கேள்வி. ஆய்வில் எல்லோருக்கும் முன்னும் பின்னும் கொடுத்ததால், பின்பாதியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இதைத் தீர்க்கவே அமெரிக்காவில் ஒரு தனி ஆய்வு நடக்கிறது: முழுதாகக் கரைந்தவர்களில் பாதிப் பேருக்கு ஊசியைத் தொடர்கிறார்கள், பாதிப் பேருக்கு நிறுத்துகிறார்கள். அதுவரை முழுதாகப் போடுவதே வழக்கம். ஆனால் முன்பாதியில் கடுமையான பக்கவிளைவு வந்தவர்களுக்கும், பணம் அதோடு தீர்ந்துபோனவர்களுக்கும், நிறுத்துவதைப் பற்றி மருத்துவர்கள் இப்போதே திறந்த மனதோடு பேசுகிறார்கள். கேட்கத் தயங்க வேண்டாம்.

கூடவே சித்த மருந்தோ மூலிகைப் பொடியோ சாப்பிடலாமா?

எதைச் சாப்பிடுவதாக இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஈரல் கெட்டால் அது இம்யூனோவாலா, கீமோவாலா, பொடியாலா என்று கண்டுபிடிக்க முடியாமல் போகும். சந்தேகத்தில் இம்யூனோவைத்தான் நிறுத்துவார்கள். சாப்பாட்டில் பத்தியம் என்று எதுவும் இல்லை. முட்டை, மீன், பருப்பு நன்றாகச் சாப்பிடலாம். வெளியில் வெட்டி வைத்த பழமும் வேகாத உணவும் வேண்டாம்.

எத்தனை வருஷம் கழித்து நிம்மதியாக இருக்கலாம்?

ட்ரிபிள் நெகட்டிவ் நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுக்குள் திரும்பும். 5 ஆண்டைத் தாண்டிவிட்டால் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். 10, 15 வருஷம் கழித்தும் திரும்பக்கூடிய ஹார்மோன் வகையைவிட இந்த ஒரு விஷயத்தில் இது மேல். முதல் மூன்று ஆண்டு மூன்று அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரைப் பாருங்கள், வருஷம் ஒரு மேமோகிராம் எடுங்கள். தொல்லை எதுவும் இல்லாதபோது மாதாமாதம் பெட் ஸ்கேன் எடுப்பதால் ஆயுள் கூடுவதில்லை. இம்யூனோ எடுத்தவர்கள் அந்தப் பணத்தில் தைராய்டுச் சோதனையைத் தவறாமல் செய்துகொள்ளலாம்.